எல்லாத் தளங்களிலும் ஒடாய்

ஒடாய் செத்துப்போனதை யாரும் ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவில்லை. ஆகவே அவன் தொடர்ந்து கூட்டங்களுக்கு வராதது ஒழுங்கீனம் என்று முடிவாகி, விளக்கம் கேட்டு அக்ராவில் புக்கோம் பேட்டையில் இருந்த அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கொண்டுவந்த ஆள் வாசலில் துக்கத்துக்காகத் தொங்கிய சிவப்பும் கறுப்புமான துணிகளைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த ஒடாயின் பெரிய படத்தைப் பார்த்தான். படத்தின் கீழே பிறந்த தேதியும் போன தேதியும் இருந்தன. அவற்றை வாய்விட்டுப் படித்தான். பிறகு, "அவர்கிட்டதான் நேர்ல குடுக்கணும்," என்றான்.

"படத்துக்கிட்ட குடு," என்றாள் பக்கத்து வீட்டு ஃபோஃபோ. அவள் புளித்த சோள மாவில் பிடித்த கென்கே உருண்டைகளைச் சோளத் தோகையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இப்போ எங்கயும் போறதில்ல அவரு. எந்நேரமும் வீட்டுலதான்."

ஒடாயின் மனைவி அயேலி வெளியே வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒடாய் பெயரைப் போட்டு, மரியாதையாக, இன்னும் உயிரோடு இருப்பவனுக்கு எழுதுவதுபோல ஒருவர் எழுதியிருக்கிறாரே என்றுதான் இருந்தது.

அது தேசிய மெய்நிகர் உடற்பயிற்சி ஆணையம். நாட்டு மக்களுக்குத் தொப்பை போடுகிறது என்று ஓர் அமைச்சர், தன்னுடையதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பாராளுமன்றத்தில் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் பிறந்தது ஆணையம். தலையில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு குத்துச்சண்டை மேடை தெரியும். மேடையில் ஒரு பயிற்சியாளர் நின்று உங்களைக் குத்தச் சொல்வார், குனியச் சொல்வார், சோம்பேறி என்று திட்டுவார். வியர்வை கொட்டும். இப்படி ஒரு விளையாட்டு. பயிற்சியாளருக்கு ஆள் தேடியவர்கள் நேராகப் புக்கோமுக்கு வந்து ஒடாயைப் பிடித்தார்கள், ஆணையத்தில் ஓர் உறுப்பினராகவும் போட்டார்கள். மற்ற ஊரில் கோழி வளர்ப்பதுபோல எங்கள் ஊரில் குத்துச்சண்டைக்காரர்களை வளர்க்கிறோம் என்பது நாடறிந்த விஷயம்.

ஒடாய் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில், அவன் அசைவுகளைக் கம்ப்யூட்டர் பதிவுசெய்ய அங்கங்கே வெள்ளைக் குண்டுமணிகள் ஒட்டப்பட்டு, ஒரு கோடை முழுவதும் காலியான அறையில் குத்துவிட்டான். "எதிராளியே இல்லாம குத்தச் சொல்றாங்கடி," என்று வீட்டுக்கு வந்து சிரிப்பான். "தினமும் நான்தான் ஜெயிக்கிறேன்." பிறகு ஒருநாள் ஜிம்மில் கையுறையின் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய போன் காணாமல் போயிற்று. அயேலியுடையது பொத்தான் போன். அதில் யாருடைய குரலும் தங்காது.

அதனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நினைத்தது ஒன்றுதான். அவன் முழுசாக அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறான். ஒருதரம் பார்த்து, ஒருதரம் கேட்டுவிட்டால் போதும்.

ஆணையத்தின் அலுவலகத்தில் செயலாளர் மேடம் டோக்பே, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்: "எப்போ இறந்தாரு?"

"பிப்ரவரியில மேடம்."

"விடுப்பு எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல மேடம். குனிஞ்சாரு. அப்படியே போயிட்டாரு."

மேடம் டோக்பே எழுந்து வந்து அயேலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "நல்ல மனுஷன்மா. கூட்டத்துல டீயோட குடுக்கிற மீட் பையை ஒருநாள் கூட ரெண்டாவதா எடுத்துத் தின்னதில்ல." திரும்பிப் போய் உட்கார்ந்ததும் குரல் மாறிவிட்டது. "ஆனா அரசாணையில ஏழு உறுப்பினர்னு போட்டிருக்கு. ஏழு நாற்காலியும் நிறைஞ்சாத்தான் கூட்டம் செல்லும். அவர் போனதுல எங்களுக்கு எவ்வளவு சிரமம் தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றாள் அயேலி. "அவரை அந்தக் கண்ணாடியில ஒருதரம் பார்க்க முடியுமா?"

"தளம் முடிவாகாம யாரும் பார்க்கக் கூடாது."

தளம் என்றால் என்ன என்று மேடம் டோக்பே பொறுமையாகச் சொன்னார். உலகத்தில் நாலு வகைக் கண்ணாடி விற்கிறார்கள். ஒன்று தனியாகவே இயங்கும். ஒன்று வயர் மூலம் பெரிய கம்ப்யூட்டரோடு சேரும். ஒன்று டிவிப் பெட்டியோடு சேரும். கடைசி, வெறும் அட்டைக் கூடு, அதற்குள் நம் போனைச் செருகிக்கொள்ள வேண்டும். விளையாட்டு எந்தக் கண்ணாடியில் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் ஆணையத்தின் ஒரே வேலை. அதற்காகத்தான் இந்த மூன்று மாடிக் கட்டடம்.

"முடிவானதும் உறுப்பினர்களுக்கு முதல்ல காட்டுவோம்."

"நான் உறுப்பினரா மேடம்?"

"நீங்க இல்லம்மா. ஆனா அவரு உறுப்பினர்." மேடம் டோக்பே சற்று யோசித்தார். "அவர் நாற்காலியில நீங்க உக்காரலாம். நாற்காலி நிறைஞ்சிருக்கணும்னுதான் விதி. யாரால நிறையணும்னு விதி இல்ல."

அடுத்த கூட்டத்தில் அயேலி தன் கறுப்புத் துக்கத் துணியைப் போர்த்திக்கொண்டு 'திரு. ஒடாய்' என்று எழுதிய அட்டையின் பின்னால் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் ஒடாய் வந்திருந்ததாக எழுதப்பட்டது.

ஆணையத் தலைவர் டாக்டர் அம்போன்சா எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மேதகு இன்னார், மாண்புமிகு இன்னார், அரியணைக்குரிய இன்னார் என்று அறையில் இல்லாத பலரையும் வரிசையாக விளித்து, விட்டுப்போனவர்களையும் விளித்ததாகக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, பேசத் தொடங்கினார்.

"இந்த ஆணையம் அமைக்கப்பட்டு ஆறு வருஷமாகுது. இதுவரை நாங்க ஒரு தவறான முடிவு கூட எடுத்ததில்ல. ஏன்னா எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுத்ததில்ல. வேற எந்த இலாகா இப்படிச் சொல்ல முடியும்?"

கைதட்டினார்கள். அயேலியும் தட்டினாள்.

பாஸ்டர் ஜெபம் செய்தார். இமாம் துஆ ஓதினார். பிறகு மூதாதையருக்கு மது வார்க்கும் முறை. வெள்ளைத் துணி உடுத்திய பெரியவர் ஷ்னாப்ஸ் பாட்டிலைச் சாய்த்து, பெயர் பெயராக அழைத்து, தரையில் ஊற்றினார். தரையில்தான் வயர்க் கண்ணாடியின் கம்ப்யூட்டர் இருந்தது. டப் என்று ஒரு சத்தம். ஷ்னாப்ஸ் வாசனையோடு கருகல் வாசனையும் சேர்ந்து வந்தது.

"மூதாதையருக்கு வயர் புடிக்கல," என்றார் பெரியவர்.

"ஆழ்ந்த தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் பின் நீக்கப்பட்டது," என்று மேடம் டோக்பே எழுதிக்கொண்டார். ஆறு வருஷத்தில் ஆணையம் எடுத்த முதல் முடிவு அது.

மிச்சம் மூன்று. எதைத் தேர்ந்தெடுப்பது? தலைவர் அதற்குத் தயாராக வந்திருந்தார்.

"ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா மத்த ரெண்டையும் அவமானப்படுத்தினதா ஆகும். இது ஜனநாயக நாடு. அதனால மூணுலயும் ஓடட்டும். ஆனா மூணுலயும் ஒரே மாதிரி ஓடணும். ஒரு கண்ணாடியால தாங்க முடியாதது எதுவோ, அது எந்தக் கண்ணாடியிலயும் இருக்கக் கூடாது. அதுதான் சமத்துவம்."

ஆணையத்தின் பொறியாளர் யாகுபு, வடக்கிலிருந்து வந்தவர், மெலிந்த மனிதர், தயங்கித் தயங்கி எழுந்தார். "சார், எந்தக் கண்ணாடிக்கும் கால் தெரியாது சார். கால் வச்சிருக்க ரொம்பச் சிரமம். வெளிநாட்டுல எல்லாம் எடுத்துடறாங்க."

"அப்போ எப்படி நிப்பான்?"

"மிதப்பாரு சார்."

"மிதக்கட்டும். அது முன்னேற்றம்தான்." தலைவர் அட்டையைப் பார்த்தார். "மிஸ்டர் ஒடாய் ஏதாவது சொல்ல விரும்புறாரா?"

அயேலி எழுந்து நின்றாள். "சார், அவரோட குத்து எல்லாமே கால்லேருந்துதான் சார் வரும். சின்ன வயசுல கடற்கரை மணல்ல ஓடி ஓடி வந்த கால். அது அவரோட உயிரு சார்."

"அரசாணையைப் படிங்க," என்றார் தலைவர் மேடம் டோக்பேவிடம்.

மேடம் டோக்பே படித்தார். தொப்பையைக் குறைப்பது என்றுதான் இருந்தது.

"தொப்பை இடுப்புக்கு மேல. கீழ நமக்கு அதிகாரம் கிடையாது," என்றார் தலைவர். கால் போயிற்று.

அன்று மாலை ஃபோஃபோ கேட்டாள்: "பார்த்தியா அவரை?"

"இன்னும் இல்ல. கால எடுத்துட்டாங்க."

ஃபோஃபோ மீன் பொரிக்கும் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்தவனுக்கு ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரியை இப்போதான் கேள்விப்படறேன்," என்றாள். பிறகு ஒரு மீனை எடுத்து அயேலியின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. இன்னும் மேல்பாகம் இருக்கே."

சோதனை நாளில் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தளம் முடிவாகாமல் யாரும் பார்க்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் தலைவர் பார்ப்பது பார்ப்பதாகாது, அது ஆய்வு.

தலைவர் வெறும் தலைவர் அல்ல. சென்ற வருஷம் அவருடைய சொந்த ஊரில் அவருக்கு வளர்ச்சித் தலைவர் என்ற பட்டமும் ஓர் ஆசனமும் தந்திருந்தார்கள். ஆசனம் பெற்றவரின் தலைக்கு மேல் இன்னொருவர் தலை இருக்கக் கூடாது. ஆகவே கண்ணாடிக்குள் வந்த ஒரு குத்துக்குத் தப்ப அவர் குனிந்தபோது, மேசையைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். அவர் நிமிர்ந்தபோது நிமிர்ந்தார்கள். அவர் மறுபடி மிகத் தாழக் குனிந்தபோது இமாமும் பாஸ்டரும் தரையில் மண்டியிட்டார்கள். மேடம் டோக்பேவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த ஆணையத்தில் நடந்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

அயேலி தரையில் கைகளை ஊன்றியபடி தலைவரையே பார்த்தாள். தலைவர் வலப்பக்கம் சாய்ந்தார், மறுபடி வலப்பக்கம், பிறகு பின்னால் துள்ளினார். இடது, இடது, வலது. அது ஒடாயின் குத்து. இடது கை இரண்டு தரம் கதவைத் தட்டும், வலது கை உள்ளே நுழையும். அவள் மேடையோரத்தில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்து பார்த்த வரிசை. தலைவரின் கொழுத்த கழுத்து எங்கே திரும்புகிறது என்று பார்த்தால் ஒடாய் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது. அவளுக்கும் தலைவருக்கும் நடுவில், ஜன்னலுக்குப் பக்கத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில்.

"நல்லாக் குத்துறான்யா," என்று கண்ணாடியைக் கழற்றினார் தலைவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "வாய்தான் ஜாஸ்தி. என்னைப் பன்னின்னு சொல்றான்."

"சார், நானும் ஒருதரம்," என்றாள் அயேலி, தரையிலிருந்தபடியே.

"அடுத்த பொருள், குரல்," என்றார் தலைவர்.

குரலில் பெரிய சிக்கல் இருந்தது. ஒடாய் பாதி ஆங்கிலத்திலும் பாதி எங்கள் கா மொழியிலும் திட்டியிருந்தான். ஒரு கா ஆள் ஏன் வேறு இனத்தவனான அஷாந்திக்காரனைத் திட்ட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எவே மக்களுக்கு எவே மொழியில் திட்டுவாங்கும் உரிமை இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். எல்லா மொழியிலும் திட்டலாம் என்றால் போனைச் செருகும் அட்டைக் கூட்டில் அவ்வளவு இடம் இல்லை என்றார் யாகுபு. அப்படியானால் யாரும் யாரையும் திட்ட வேண்டாம், மௌனம் எல்லோருக்கும் பொது என்று முடிவாயிற்று.

"எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் போட்டுக் காட்டுங்க சார்," என்றாள் அயேலி. "கேட்டுட்டுப் போயிடறேன்."

தலைவர் முகத்தில் ஒரு பக்தி வந்தது. "மிஸ்டர் ஒடாய், நீங்களே கா ஆள். இது என்ன மாசம்?"

கா மக்களின் ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முந்திய மாதம் அது. அந்த மாதம் முழுவதும் அக்ராவில் மேளம் அடிக்கக் கூடாது, ஆரவாரம் கூடாது. தேவாலயங்கள் கூட ஒலிபெருக்கியை அணைத்துவிடும். விதைத்தது அமைதியில் முளைக்க வேண்டும் என்பது முன்னோர் கட்டளை. தலைவர் அஷாந்திக்காரர். போன வருஷம் இதே மாதத்தில் தன் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாத்தியக் கோஷ்டி வைத்தவர்.

"தடை மேளத்துக்குத்தான் சார். பேச்சுக்கு இல்ல."

"உங்க மரபை நீங்களே மதிக்கலைன்னா நாங்க எப்படிம்மா மதிக்கிறது?" அப்போதுதான் முதன்முறையாக அவர் அவளை அம்மா என்றார். "தடை முடியட்டும். பிறகு தாராளமாக் கேளுங்க. குரலை இந்த வெள்ளிக்கிழமை அழிச்சிடுவோம். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல."

வெள்ளிக்கிழமை அயேலி வாசல் கேட்டருகே யாகுபுவுக்காகக் காத்திருந்தாள். வெயில் சாய்ந்த பிறகு அவர் வந்தார்.

"தம்பி, உங்க போன்ல கொஞ்சமாவது எடுத்து வச்சீங்களா? ஒரு வார்த்தை?"

யாகுபு செருப்பைப் பார்த்தார். "எடுக்கணும்னுதான் நெனச்சேன் அக்கா. பக்கத்துல மேடம் நின்னுட்டு இருந்தாங்க. அழிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடணும். போட்டுட்டேன்."

"கடைசியா என்ன சொன்னாரு அதுல? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

"'தண்ணி குடிச்சுட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்'னு," என்றார் யாகுபு. "ஒவ்வொரு சுத்து முடியும்போதும் அதைத்தான் சொல்வாரு."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஒடாயின் குரலில் வரவில்லை. யாகுபுவின் குரலில்தான் வந்தது.

தடை முடிந்தது. ஊரெங்கும் மேளம் அதிர்ந்தது. திருவிழா வழக்கப்படி புக்கோமில் சோள மாவைத் தெருவெல்லாம் தூவிப் பசியை ஏளனம் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் முகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாடி விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு விதி வைத்திருந்தன. விளையாட்டில் வரும் முகத்துக்கு உரியவர் ஒவ்வொரு வருஷமும் நேரில் வந்து சம்மதம் தர வேண்டும்.

"அவர் இறந்துட்டாரு சார்," என்றாள் அயேலி. "நான் அவரு பொண்டாட்டி. நான் சம்மதம் தர்றேன்."

மேடம் டோக்பே பதிவைப் புரட்டினார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். "மிஸ்டர் ஒடாய் எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருக்காரே."

"அது நான்தானே மேடம். நீங்கதானே உக்காரச் சொன்னீங்க."

அறை சில்லிட்டுப்போயிற்று. தலைவர் மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நல்லா யோசிச்சுப் பேசுங்க. அவர் செத்துட்டார்னா இங்க ஏழு பேர் இருந்ததே இல்ல. ஏழு பேர் இல்லைன்னா கூட்டமே நடக்கல. நடக்காத கூட்டத்துக்கு நாங்க வந்து போயிருக்கோம், டீ குடிச்சிருக்கோம். அது மோசடி. யார் மேல வழக்குப் போடறது? ஒடாய் மேலதான். செத்தவர் மேல வழக்குப் போட்டா நல்லா இருக்குமா?"

"அப்போ அவர் உயிரோட இருக்காரா சார்?"

"பதிவுப்படி நல்லா இருக்காரு."

"உயிரோட இருந்தா நான் விதவை இல்லையா?"

"அதை நாங்க எப்படிம்மா சொல்றது. அது உங்க குடும்ப விஷயம்," என்றார் மேடம் டோக்பே அன்பாக. "ஆனா உயிரோட இருக்கிறவருக்குப் பதிலா பொண்டாட்டி கையெழுத்துப் போட முடியாது. அவரே வரட்டும். ரெண்டு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அயேலி எழுந்து போயிருப்பாள். கதவைப் பார்க்கவும் செய்தாள். ஆனால் அவள் எழுந்தால் நாற்காலி காலியாகும், கூட்டம் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், இல்லை தொடங்காமலே போகும். இன்னும் கை இருக்கிறது, அந்தக் கையையாவது பார்க்கலாம். அவள் அட்டையைக் கொஞ்சம் நேராக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முகம் போயிற்று.

கையைப் பற்றித் தலைவர் பேசியதுதான் அவருடைய பேச்சுகளிலேயே சிறந்தது என்று பின்னால் சொன்னார்கள். பத்திரிகையிலும் வந்தது.

"அட்டைக் கூடு ஏழைகளோட கண்ணாடி. அதுக்குக் கை தெரியாது. பணக்காரன் வாங்கற கண்ணாடிக்குக் கை தெரியும். பணக்காரனுக்கு மட்டும் கை தெரியற விளையாட்டை இந்த ஆணையம் அனுமதிக்காது. ஏழைக்குக் கை குடுக்க நம்மகிட்ட வழி இல்ல. ஆனா பணக்காரன்கிட்டேருந்து எடுக்க வழி இருக்கு. எடுத்துட்டோம். இனி இந்த நாட்டுல யாருக்கும் கை இல்ல. எல்லாரும் சமம்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். அயேலி அட்டையின் பின்னால் உட்கார்ந்தே இருந்தாள். யாகுபு அவளைப் பார்க்காமல் பெட்டியை மூடினார்.

"இப்போ என்னதான் மிச்சம்?" என்று கேட்டாள் ஃபோஃபோ.

"பனியன்," என்றாள் அயேலி.

ஃபோஃபோ அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தளங்கள் முடிவாகிவிட்டன. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை மாட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய நாள் வந்தது. பாஸ்டர் பார்த்துவிட்டு, நல்ல அமைதி என்றார். இமாம் பார்த்துவிட்டு, ஆபாசம் எதுவும் இல்லை என்றார். திரு. ஒடாயின் முறை வந்தபோது யாகுபு கண்ணாடியைத் துணியால் நன்றாகத் துடைத்து, அயேலியின் தலைத்துணிக்கு மேல் மெதுவாக மாட்டினார். காதுக்கான கருவியையும் அவரே சரிசெய்தார்.

முதலில் இருட்டு. பிறகு மேடை, கயிறு, வெளிச்சம். நடுவில் ஒரு சிவப்புப் பனியன், கொடியில் காயப்போட்டதுபோல அந்தரத்தில் தொங்கியது. தலை இல்லை, கை இல்லை, கால் இல்லை. அது இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. இதற்குத்தானா இத்தனை நாள்?

அப்போது அது கேட்டது.

ஹ்ஸ். ஹ்ஸ். ஹ்ம்.

குத்துவிடும்போது மூச்சை வெளியே தள்ளுவார்கள். புக்கோமில் ஒவ்வொருவனுக்கும் ஒரு மூச்சு உண்டு. சுவருக்கு அந்தப்பக்கம் பயிற்சி நடந்தால், எந்தப் பையன் குத்துகிறான் என்று அவனவன் அம்மா சொல்லிவிடுவாள். ஒடாய் முதல் இரண்டு மூச்சைப் பல்லிடுக்கில் விடுவான். மூன்றாவது மூக்கு வழியாக வரும். இருபது வயதில் உடைந்த மூக்கு, அதனால் முடிவில் ஒரு சின்ன விசில், சிரிப்பை அடக்குவதுபோல. விடியும்போது முற்றத்தில் அவன் தனியாகக் குத்துவான். உள்ளே பாயில் அவள் பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுப் புரண்டு படுப்பாள். கல்யாணமான நாள்முதல் அவளுடைய காலைகள் எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் தொடங்கின. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றோ, அது ஒருநாள் நிற்கும் என்றோ அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் பனியன் போயிற்று. ஒடாய் முழுசாக வந்தான். கால் வந்தது, கை வந்தது, வியர்த்த முகம் வந்தது.

ஹ்ஸ். ஹ்ஸ். ஹ்ம்.

யாரோ தோளைத் தொட்டார்கள். "மிஸ்டர் ஒடாய், போதும்," என்றார் மேடம் டோக்பே.

கண்ணாடியைக் கழற்றினார்கள். அறை ரொம்ப வெளிச்சமாக இருந்தது. தலைவர் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ சத்தம் கேக்குதுன்னு இமாம் எழுதியிருக்காரே. என்ன சத்தம் அது?"

யாகுபு எழுந்தார். "குரலை எடுக்கும்போது விட்டுப்போயிருக்கு சார். அதுல வார்த்தை இல்லாததால மெஷின் அதைக் குரல்னு எண்ணல."

"ஆளோட சத்தமா?"

யாகுபு அயேலியைப் பார்த்தார்.

"ஆளோடதுன்னா அந்த ஆள் நேர்ல வந்து சம்மதம் தரணும். இல்லைன்னா எடுத்துடணும். யாரோடதும் இல்லைன்னா பிரச்சினை இல்ல, கிடக்கட்டும்." தலைவர் அட்டைப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஒடாய், நீங்கதான் ரொம்ப நேரம் கேட்டீங்க. யார் அது?"

அயேலி அந்த மேசையைப் பார்த்தாள். கால்தான் உயிர் என்று சொன்னாள், போயிற்று. குரலைக் கேட்கிறேன் என்றாள், போயிற்று. முகத்தை என் புருஷனுடையது என்றாள், போயிற்று. இங்கே எதை அவள் தன்னுடையது என்று சொன்னாளோ அதை அடுத்த கூட்டத்தில் காணவில்லை.

"காத்து சார்," என்றாள்.

"காத்தா?"

"வெறும் காத்து. அதுல யாருமில்ல."

"நல்லாத் தெரியுமா? பின்னால யாராவது இது என் ஆளுன்னு வந்து நிக்கக் கூடாது."

"யாரும் வர மாட்டாங்க சார். எனக்கு நல்லாத் தெரியும். அது யாரும் இல்ல."

தலைவருக்குத் திருப்தி. "காத்துன்னா ஆட்சேபணை இல்ல. காத்து அரசாங்கத்தோடது," என்றார். மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். யாகுபு பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

அயேலி மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன்கள் நிற்கும் இடத்துக்கு வந்தாள். வரிசையில் நின்றபோதுதான் அழத் தொடங்கினாள். அடக்கம் செய்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. தலையில் மீன் பாத்திரத்தோடு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். கறுப்புத் துணியைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினாள்.

"யாரும்மா போனது?"

"என் புருஷன்."

"ஐயோ பாவம். எப்போம்மா?"

"இப்பத்தான்," என்றாள் அயேலி.